விலை குறைந்த பயம்

உப்பளத்துக்கும் துறைமுகத்துக்கும் நடுவில் இருந்த அந்த ஊரில் கம்பிச்சந்து என்று ஒரு குறுகலான தெரு உண்டு. பழைய கம்ப்யூட்டர்களை வாங்கி, பிரித்து, துடைத்து, பாகம் பாகமாக விற்கும் கடைகள் அதன் இருபுறமும் இருந்தன. ஒரு ஐப்பசியில் மழைத்தண்ணீரும் கடல்தண்ணீரும் சேர்ந்துகொண்டு அந்தச் சந்துக்குள் இடுப்பளவு ஏறி, சில நாள் அசையாமல் நின்று, வடிந்து போனது. அதற்குப் பிறகு அங்கே யார் தன் கம்ப்யூட்டரை விற்றாலும் அவருடைய ஆகப்பெரிய பயமும் கூடவே போய், அதன் ஏதோ ஒரு பாகத்துக்குள் உட்கார்ந்துகொண்டது. அந்தப் பாகத்தை இன்னொருவர் வாங்கிப் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் கட்டினால், முதன்முதலில் எவர் பட்டனை அழுத்துகிறாரோ அவரிடம் அந்தப் பயம் ஏறியது. ஏறியதும் பாகம் காலியாகிச் சாதாரண இரும்பும் தகடுமாக ஆனது.

முதலில் இதைக் கண்டுபிடித்தவர் போட்டோ ஸ்டுடியோக்காரர். அதுவரை ஜன்னல் வழியே பல்லியைக் கையால் எடுத்து வெளியே போட்டுக்கொண்டிருந்தவர், ஒரு பழைய மதர்போர்டை வாங்கிப் போட்ட நாளிலிருந்து பல்லி சத்தம் கேட்டால் நாற்காலி மேல் ஏறி நின்றார். விசாரித்துப் போனதில், அதை விற்ற குமாஸ்தா தன் வீட்டு உத்தரத்தில் வரிசையாக இருந்த பல்லிகளுக்குக் கீழே நிம்மதியாகப் படுத்திருந்தார். ஒரு காவல் நிலையத்தில் நகைக்கடைக்காரர் விற்ற பாகங்களால் கட்டிய கம்ப்யூட்டரை வைத்தார்கள். அதற்கு மறுநாளிலிருந்து அந்த நிலையத்தின் கதவைச் சூரியன் இறங்குவதற்கு முன்பே உள்ளே தாழ்போட்டார்கள், புகார் கொடுக்க வந்தவர்கள் ஜன்னல் கம்பி வழியாகப் பேசிவிட்டுப் போனார்கள். ஓர் அலுவலகத்தில் கையெழுத்துப் போடப் பயப்படும் பயம் வந்து சேர்ந்தது. அங்கே எல்லாக் காகிதமும் அப்படி அப்படியே நின்றது என்றாலும், அதற்கு முன்பும் அப்படித்தான் நின்றது என்பதால் மக்களுக்கு அது தெரியவர வெகுநாள் ஆயிற்று.

காரணத்தை யாரும் கேட்கவில்லை. உப்புக்காற்றில் இரும்பு துருப்பிடிப்பது போல இதுவும் ஒன்று என்று ஏற்றுக்கொண்டு, அதற்குத் தக்க வழக்கங்களை ஏற்படுத்திக்கொண்டார்கள். கடைக்காரர்கள் எந்தக் கம்ப்யூட்டரையும் கடையில் வைத்து ஓட்டிக் காட்டுவதில்லை, பட்டனை அழுத்த யாருக்குத் துணிச்சல் வரும். ஓடினால் உங்கள் அதிர்ஷ்டம், ஓடாவிட்டால் திருப்பிக் கொண்டுவாருங்கள் என்றார்கள். வாங்குகிறவர் பாகத்தை மடியில் வைத்து, ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம் கண்ணை மூடி உட்கார வேண்டும். உள்ளே இருக்கும் பயம் பக்கத்து வீட்டுத் தாளிப்பு வாசனை மாதிரி லேசாக வந்து போகும், மடியிலிருந்து இறக்கியதும் நின்றுவிடும். அதை வைத்து விலை பேசினார்கள். விற்றவர்கள் மட்டும் இப்படி மடியில் வைத்துப் பார்க்க முடியாது. பெரிய பயம் போனதும் சின்னப் பயங்கள் தாய்க்கோழி பின்னால் போகும் குஞ்சுகளாகக் கிளம்பிப் போய்விடுவதால், அவர்கள் மடியில் எதை வைத்தாலும் ஒன்றும் தெரியாது.

கொஞ்ச காலம் சூசை மிக்கேல் என்று ஒருவர் இருந்தார். கலியாணமாகாத மனிதர், நல்ல உடம்பு. யார் கூப்பிட்டாலும் போய் முதல் பட்டனை அழுத்திக் கொடுத்துவிட்டு, ஒரு டீயும் இரண்டு வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு வருவார். "எனக்கென்ன, புள்ளையா குட்டியா," என்பார். அப்படி அழுத்தி அழுத்தி, ஊரின் பாதிப் பயம் அவரிடம் போய்ச் சேர்ந்தது. இப்போது மாதா கோயில் மணிக்கூண்டுக்குக் கீழே சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறார். மனிதர்களின் கையைக் கண்டால் பயம் என்பதால் சாப்பாட்டுத் தட்டை ஒரு நீளக் கம்பால் தள்ளித்தான் வைக்க வேண்டும், தட்டு தரையில் உரசும் சத்தத்துக்கும் பயம் என்பதால் அதற்கடியில் துணி போட வேண்டும். அவர் உட்கார்ந்த பிறகு அந்த வேலைக்கு வேறு யாரும் வரவில்லை.

மரியபுஷ்பத்துக்கு இதெல்லாம் தெரியும். ஆனால் உப்புப் பொட்டலம் ஒட்டும் கம்பெனியில் வேலை, வேலை விட்டால் வீடு என்று இருந்த அவளுக்கும் கம்பிச்சந்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாமல்தான் இருந்தது, அவளுடைய தம்பி இன்னாசி வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டரை விற்றுவிட்டு விசிலடித்துக்கொண்டு வந்த சாயங்காலம் வரைக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர்களுடைய அப்பா தொம்மை கடலோடு போனார். கூடப் போன இன்னாசி மட்டும் திரும்பி வந்தான். "பெரிய அலைக்கா, ஒரே அடி, அப்பா உடனே போயிட்டாரு," என்று வாசலில் நின்று சொன்னான். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அன்றிலிருந்து கடலிலும் கால் வைக்கவில்லை. ஐஸ் கம்பெனியில் கட்டி உடைக்கப் போவான், வந்து அந்தப் பழைய பெட்டியில் சின்னச் சின்ன விளையாட்டுகள் விளையாடுவான், அது திணறித் திணறி நிற்கும்போது தலையில் அடித்துக்கொள்வான். நல்ல விளையாட்டெல்லாம் ஓடுகிற மாதிரி ஒரு கம்ப்யூட்டர் கட்ட வேண்டும் என்பது அவனுக்கு வெகுநாள் ஆசை. அதற்கு முதல் காசாகத்தான் பழையதை விற்றான். அதோடு சேர்ந்து எது போகிறது என்று அவன் யோசிக்காமல் இல்லை. போனால் போகட்டும் என்று நினைத்தான்.

போனது. அன்றைக்கு அவன் மூன்று முறை சோறு போட்டுச் சாப்பிட்டான், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர்மேல் மல்லாந்து படுத்துத் தூங்கினான். அடுத்த வாரம் கடலுக்குப் போனான். அதிலும் மற்றவர்கள் போகும் நாளில் அல்ல. கடலில் புயல் சின்னம் உருவாகித் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் எல்லோரும் படகை மணலில் ஏற்றிக் கட்டிவிடுவார்கள். வரத்து இல்லாததால் அன்றைக்கு மீனுக்கு நல்ல விலை. கூண்டு ஏறிய நாள் பார்த்து, ஒரு படகு முதலாளி போன் செய்வார், இன்னாசி அவருடைய சின்ன பைபர் வள்ளத்தில் தனியாகப் போவான். பயமில்லாத பையன், நல்ல கைராசி என்று கரையில் பேசிக்கொண்டார்கள். இப்படி ஒருவன் இருப்பது ஊருக்கு வசதியாக இருந்தது.

"போகாதல," என்றாள் புஷ்பம்.

"ஏன்க்கா?" என்றான் அவன்.

அதில் கிண்டல் இல்லை, எதிர்ப்பு இல்லை. ஏன் போகக்கூடாது என்று உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டான். அவன் எதை விற்றுவிட்டு வந்திருக்கிறான் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு கூண்டு ஏறுகிற நாளில் அவளுக்குக் கையில் ஒட்டுகிற பசை எந்தப் பொட்டலத்தில் விழுகிறது என்று தெரியாது. கம்பெனித் தகரக் கூரையில் காற்று தட்டுகிற ஒவ்வொரு தட்டும், யாரோ செய்தி கொண்டுவந்து கதவைத் தட்டுவதாகவே கேட்டது. அப்பா போனபோதாவது அவளுக்கு முன்கூட்டி ஒன்றும் தெரியாது. இப்போது எல்லாம் தெரிந்தே ஒவ்வொரு முறையும் உட்கார்ந்து காத்திருக்க வேண்டியிருந்தது.

அவன் விற்ற பயம் கம்பிச்சந்தில் எங்கோ ஒரு பலகையில் இருக்கும். அதைத் தேடி வாங்கி, அவன் ஆசைப்படுகிற கம்ப்யூட்டருக்குள் வைத்துக் கட்டி, அவன் கையாலேயே பட்டனை அழுத்தச் செய்வது என்று அவள் முடிவு செய்தாள். சீட்டுப் பணம் கைக்கு வந்திருந்தது. அது போதுமா என்று தெரியவில்லை.

"நீ வாங்கித் தருவேன்னா சொல்லுதேன், கேட்டுக்கோ," என்றான் இன்னாசி, சந்தோஷமாக. "கார்டுல மட்டும் கஞ்சத்தனம் பண்ணிராத. கிராபிக்ஸ் கார்டுதான் படகுக்கு இஞ்சின் மாதிரி. பிராசசர் சுமாரா இருந்தாப் போதும், மதர்போர்டோட சேரணும், அம்புட்டுதான். ராம் ரெண்டு வாங்கு, ஒண்ணு போட்டா இழுத்துக்கிட்டு ஓடும். பவர் சப்ளை மட்டும் புதுசா இருக்கணும். அதுல மிச்சம் புடிச்சா வீடு எரிஞ்சிரும்."

"எரிஞ்சா?"

"எரிஞ்சிரும்னுதான் சொன்னேன்," என்றான், நாளைக்கு மழை வரும் என்பது மாதிரி.

"பெட்டி?"

"மீன்பெட்டி ஒண்ணு சும்மாதான கெடக்கு. அதுக்குள்ள முறுக்கிரலாம். அதுக்கெதுக்குக் காசு."

தங்கப்பழம் அண்ணாச்சியின் கடையில் சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல்கள் வரிசையாகக் கிடந்தன. அவற்றில் ஆட்கள் மடியில் பலகையும் தகடுமாகக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார், ஒரு பெண்ணுக்குக் கழுத்து வியர்த்தது, ரிட்டயரான ஒரு பெரியவர் மட்டும் லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பத்தாங்கிளாஸ் பரிட்சைப் பயம்வே," என்றார் கண்ணைத் திறந்து. "நான் பெயிலாயி நாப்பது வருசமாச்சு. இனி எவன் எனக்குப் பரிட்சை வைக்கப்போறான். போட்டுக் குடும்."

பக்கத்தில் இருந்தவர் மடியிலிருந்த ராமைத் தட்டிவிடுகிற மாதிரி எடுத்துத் திருப்பிக் கொடுத்தார். "நாய் அண்ணாச்சி. எங்க தெருவுல ஆளைவிட நாய் ஜாஸ்தி. சும்மா குடுத்தாலும் வேண்டாம்."

"சும்மா குடுக்கலாம்னுதான் வச்சிருக்கேன். எடுக்கதுக்கு ஆளில்ல," என்ற அண்ணாச்சி புஷ்பத்தைப் பார்த்தார். "வா தங்கச்சி. ஆருக்கு?"

"தம்பிக்கு அண்ணாச்சி. விளையாடுத கம்ப்யூட்டர்."

"அவன் வரலையா?"

"அவன் வித்தவன்."

"அப்ப அவன் வந்தும் புண்ணியமில்ல. இரி."

அவள் உட்காரவில்லை. தம்பி விற்றது எங்கே என்று கேட்டாள். பின்பக்கம் மாதா படம் ஒட்டிய பெட்டி என்றாள். அண்ணாச்சிக்கு அந்தப் படம் ஞாபகம் இருந்தது. ஆனால் எல்லாம் பிரித்தாகிவிட்டது, எதில் போய் உட்கார்ந்ததோ என்றார். "கடலுக்குப் போன பையன்தான? அப்ப கடல்லதான் இருக்கும், பாத்துக்கோ."

கண்ணாடி வைத்துப் பூட்டிய ஓர் அலமாரி இருந்தது. அதன் மேல் 'கடல்' என்று எழுதியிருந்தது. கடையிலேயே விலை கூடிய பொருள் அதுதான். புருஷனையும் பிள்ளையையும் கரையிலேயே இருத்திக்கொள்ள நினைக்கிற பெண்கள் முந்தானையில் முடிந்த காசோடு வந்து முன்பணம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். அவள் நிற்கும்போதே ஒருத்தி வந்து அண்ணாச்சியிடம் மெல்லிய குரலில், "போன மாசம் எங்க வீட்டுக்காரருக்கு வாங்கிட்டுப் போனேன்லா, அவரு கட்டில விட்டு எறங்க மாட்டேங்காரு, சோத்துக்கு என்ன செய்யன்னு நான் அப்பம் யோசிக்கல, திருப்பி எடுத்துக்கிடுவியளா?" என்று கேட்டாள். ஏறினது ஏறினதுதான் என்று அண்ணாச்சி சொல்ல, அவள் தலையாட்டிவிட்டு, கட்டாயம் அதைத்தான் சொல்வார் என்று தெரிந்தே வந்தவள் போலத் திரும்பிப் போனாள்.

புஷ்பம் அந்த அலமாரியில் இருந்தவற்றை ஒவ்வொன்றாக மடியில் வைத்துப் பார்த்தாள். ஒன்றில் வாய்க்குள் உப்புத்தண்ணீர் நிறைந்தது. ஒன்றில் கரைவிளக்கு இருந்த இடத்தில் விளக்கு இல்லை, எந்தப் பக்கம் திரும்பினாலும் இல்லை. ஒன்றில் காலுக்கடியில் ஏதோ பெரியது மெதுவாகத் திரும்பிப் படுத்தது. ஒவ்வொரு முறையும் கண்ணைத் திறக்கும்போது உள்ளங்கை ஈரமாக இருந்தது. ஒவ்வொரு முறையும் இது யாரோ ஒருவருடையது, இன்னாசியுடையது இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. இருட்டில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாலும் தம்பியைத் தெரியும், அதுபோல.

"இவ்வளவுதானா அண்ணாச்சி?"

"கடல் இவ்வளவுதான். விக்காத சாமான் கீழ ஒரு பெட்டில கெடக்கு. மாமியா, பொண்டாட்டி, மேனேஜரு. அது எல்லார் வீட்டுலயும் ஏற்கெனவே இருக்கு தங்கச்சி, காசு குடுத்து எவன் வாங்குவான்."

அவள் குந்தி உட்கார்ந்து அந்தப் பெட்டியைக் கிளறினாள். 'பொண்டாட்டி' என்று சீட்டு ஒட்டிய ஒரு பழைய ஹார்ட் டிஸ்க் கையில் பட்டது. அதை எடுத்து மடியில் வைத்ததும் கண்ணை மூட வேண்டிய அவசியம்கூட வரவில்லை. எதிரே ஒரு கதவு. பச்சைச் சாயம், தாழ்ப்பாள் உடைந்து கம்பியால் கட்டியது; அந்தக் கம்பியை முறுக்கியவள் அவளே. கதவு திறக்கிறது. உள்ளே ஒரு முகம், தலை வாராமல், கையில் அகப்பையோடு. இன்னும் ஒன்றும் தெரியாத முகம். இதோ வாயைத் திறந்து, அப்பா எங்க என்று கேட்கப் போகிற முகம். அந்த முகம் கேட்பதற்கு முன்னால் பூமி பிளந்து உள்ளே போய்விடக்கூடாதா என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

தன் முகத்தைக் கண்டு தானே அவள் நடுங்கினாள்.

"என்ன தங்கச்சி, பொண்டாட்டிதான?" என்றார் அண்ணாச்சி.

"இல்ல அண்ணாச்சி," என்றாள் புஷ்பம். "அக்கா."

கரையில் பிறந்தவனுக்குக் கடலைத் தவிர வேறு பயம் இருக்காது என்று அண்ணாச்சியும் நினைத்தார், அவளும் நினைத்தாள், ஊரே நினைத்திருக்கும். இரண்டு வருஷமாக அவனைக் கரையில் கட்டிப்போட்டிருந்தது அவளுடைய முகம்; தானும் கடலோடு போய்விட்டால் இன்னொருவன் வந்து அந்த வாசலில் அந்த முகத்தின் முன்னால் நிற்க வேண்டிவருமே என்ற பயம். அவளுக்கு அது புரிந்தது. புரிந்த கையோடு இன்னொன்றும் தோன்றியது: ஏற்கெனவே செய்தியைச் சொல்லிவிட்டவன் ஏன் இன்னும் அதே வாசலில் நின்று நடுங்க வேண்டும்? சொல்லாதது ஏதோ பாக்கி இருக்கிறது. அதை நினைத்ததும் அவளுக்குப் புதிதாக ஒரு பயம் பிறந்தது. அதை அவள் ஹார்ட் டிஸ்கோடு சேர்த்துத் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மற்ற பாகங்களுக்கு அவள் ஒரே ஒரு கணக்குதான் வைத்திருந்தாள்: தம்பி தலையில் அவனுடையதைத் தவிர வேறு பயம் எதுவும் ஏறக்கூடாது. சூசை மிக்கேல் நல்லபடியாக இருந்த காலத்தில் அழுத்திக் காலி செய்த கார்டு ஒன்று கடைசியாக இருந்தது. அதற்குப் பணத்தில் பாதிக்கு மேல் போயிற்று. பவர் சப்ளை புதிது, உறை பிரிக்காதது. மதர்போர்டும் பிராசசரும் சேர்ந்தே ஒரு பள்ளிக்கூட வாத்தியாரிடமிருந்து வந்தவை, அவற்றில் இருந்தது இன்ஸ்பெக்டர் வருகிறார் என்கிற பயம். தம்பி பள்ளிக்கூடத்தை விட்டே பல வருஷம் ஆகிறது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று எடுத்தாள். மிச்சம் ராம். காலியான ராமுக்குக் கையில் காசு இல்லை. அண்ணாச்சி யோசித்துவிட்டு அவள் கையில் இருந்த போனைக் காட்டினார்.

"அதக் குடுத்துட்டு ரெண்டு ராமும் எடுத்துக்கோ. போனும் கம்ப்யூட்டர் மாதிரிதான் வேலை செய்யுதுன்னு இப்பம் சொல்லுதாங்க. உனக்கும் மனசு லேசாப் போவும்ல."

அவள் போனைப் பார்த்தாள். அதைக் கொடுத்தால் கூடவே போவது எது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். கூரைத் தகரம் தட்டும்போது கை பதறுகிறது, கூண்டு ஏறினால் சோறு இறங்குவதில்லை, எல்லாம் போய்விடும். போய்விட்டால் இந்த ஸ்டூலில் இருந்து ஒருத்தி எழுந்திருப்பாள், லேசாகச் சோம்பல் முறிப்பாள், இந்தத் துணிப்பை எதற்கு என்று இங்கேயே வைத்துவிட்டு, வழியில் ஒரு டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போவாள். அவளைக் கண்முன்னால் பார்த்துவிட்ட மாதிரி புஷ்பம் போனை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அந்த நாய் ராமே குடுங்க."

"ரெண்டும் நாய்தான். ஜோடியா வந்தது. நல்லாப் பாத்துக்கிட்டியா?"

மடியில் வைத்துப் பார்த்தாள். மஞ்சள் பல்லும், முழங்காலுக்குப் பின்னால் சூடான மூச்சும் வந்து போயின. தம்பிக்கு நாய் என்றால் உயிர். ஐஸ் கம்பெனியிலிருந்து வரும்போது தெருவில் ஒவ்வொரு நாயின் காதையும் சொறிந்துவிட்டுத்தான் வருவான். அவனிடமிருந்து அதைப் பறிக்கிறோமே என்று ஒரு தடவை திருப்பி வைத்தாள். கடைசியில் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இன்னாசி எல்லாவற்றையும் மீன்பெட்டிக்குள் முறுக்கி, பழைய டிவியோடு சேர்த்துக் கட்டினான். மீன்வாசனைக்கு எறும்பு வந்தது. பட்டனை மட்டும் பெட்டிக்கு வெளியே ஒரு சின்னப் பலகையில் ஆணியடித்து வைத்தான். எல்லாம் முடிந்ததும் தள்ளி உட்கார்ந்து கையைத் துடைத்துக்கொண்டான்.

"நீ வாங்குனது. நீயே அமுக்குக்கா."

அவள் கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். சொல்லாமல் விட்டால் அவன் அழுத்திவிடுவான் என்று தெரியும்; ஆனால் அவனை ஏமாற்றி அழுத்தவைக்கவும் மனசு வரவில்லை.

"இன்னாசி, இதுக்குள்ள உன் பயம் இருக்கு. நீ வித்தது. தேடி எடுத்துட்டு வந்தேன்."

"அப்படியா? எது, கடலா?"

"கடல் இல்ல. என் மூஞ்சி. நான் கதவத் தொறக்கேன், நீ நிக்க."

அவன் கொஞ்சம் யோசித்தான். எங்கோ வைத்த சாவியை யோசிக்கிற மாதிரி யோசித்தான். "ஆமாக்கா, அதுதான்," என்றான். "அப்ப இதை அமுக்குனா அப்புறம் என்னால சொல்ல முடியாது. இப்பமே சொல்லிருதேன், இரி." பிறகு, சந்தையில் மீன் என்ன விலை போயிற்று என்று சொல்கிற குரலில், சொன்னான்.

"அப்பா உடனே போகல. நான் உங்கிட்ட அப்படிச் சொல்லச் சொன்னது அவருதான். வள்ளம் கவுந்து நாங்க ரெண்டு பேரும் அதப் புடிச்சுக்கிட்டுக் கெடந்தோம். விடியுத வரைக்கும் இருந்தாரு. தண்ணி ரொம்பக் குளிருதுன்னாரு. உன்னப் பத்திப் பேசிக்கிட்டே இருந்தாரு, நீ சின்னப்புள்ளைல கருவாட்டுக்கு அழுவியாம், அதெல்லாம் சொன்னாரு. பயமா இருக்குலன்னாரு. அந்த வார்த்தைய அதுக்கு முன்ன அவரு வாயில நான் கேட்டதே இல்ல. வெளுக்கும்போது, புள்ளைட்ட நான் ஒரே அடில போயிட்டேன்னு சொல்லு, கஷ்டப்படலன்னு சொல்லுன்னாரு. அப்புறம் வள்ளத்துல இருந்து கைய எடுத்துட்டாரு."

புஷ்பத்தின் முகம் மாறியது. இரண்டு வருஷமாக அவன் பார்க்கப் பயந்த அந்த முகம் அவளுக்கு வந்தது, வந்து வெகுநேரம் நின்றது. அவன் அதை எதிரே உட்கார்ந்து, இமைக்காமல், அடுப்பில் உலை கொதிப்பதைப் பார்க்கிறவன் போலப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சத்தமில்லாமல் அழுது முடிக்கும் வரைக்கும் பார்த்தான்.

"இப்ப அமுக்கவா?" என்றான்.

"பயம் வந்துரும்ல."

"வரட்டுமே. எனக்கென்ன பயமா?" என்று சொல்லி, அழுத்தினான்.

மீன்பெட்டிக்குள் காற்றாடி சுற்றியது, எறும்புகள் சிதறின, டிவியில் வெளிச்சம் வந்தது. இன்னாசியின் கை பட்டனிலேயே நின்றது. மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தான். பார்த்ததும் அவன் தோள் சுருங்கியது, உதடு வெளுத்தது, வாசலில் நின்ற அன்றைய பிள்ளையாக ஒரு கணம் ஆனான். ஆனால் அந்தப் பயம், கலியாணத்துக்குக் கிளம்பிப் பந்தல் பிரித்த பிறகு வந்து சேர்ந்த விருந்தாளி போல, அங்குமிங்கும் பார்த்தது. அது பயப்பட வந்த காரியம் நடந்து முடிந்திருந்தது. உட்கார இடமில்லாமல் அது போய்விட்டது. இன்னாசி நீளமாக ஒரு மூச்சு விட்டுவிட்டு, விளையாட்டை ஏற்ற ஆரம்பித்தான். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டபோது மட்டும், இன்ஸ்பெக்டர் வந்துவிட்டாரோ என்று, சட்டைப் பட்டனைக் கழுத்துவரை போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அவன் முகத்திலிருந்து அது கிளம்பிப் போனதை அவள் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். இவ்வளவு தேடி, இவ்வளவு கொடுத்து வாங்கியது ஒரு மூச்சு நேரம்கூட நிற்கவில்லை. உண்மையைச் சொல்லாமல் அழுத்தவைத்திருந்தால் நின்றிருக்கும். அன்றைக்கும் அடுத்த நாளும் அவள் அடுப்படியில் உட்கார்ந்து, வானத்தையும் தம்பியையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே கூண்டு ஏறியது. மத்தியானம் வானம் ஈயப் பாத்திரமாக இருந்தது, தென்னை மட்டைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நின்றன. முதலாளி போன் செய்தார். இன்னாசி விளையாட்டை நிறுத்திவிட்டு, சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு, லுங்கியை மடித்துக் கட்டினான். புஷ்பம் கதவை மறித்து நின்றாள்.

"வழிய விடுக்கா. பொழுது எறங்க வந்துருதேன்."

"போகாதல."

"ஏன்க்கா?"

அதே கேள்வி, அதே குரல். அவள் ஓரமாக ஒதுங்கினாள். அவன் கம்பியை அவிழ்த்துப் பச்சைக் கதவைத் திறந்தான். ஒரு காலை வெளியே வைத்தான். அப்படியே நின்றான்.

எதிரே வலைக்குவியலின் மேல், வழக்கமாக அவன் காது சொறிந்துவிடும் செவலை நொண்டி நாய் படுத்திருந்தது. அவனைக் கண்டதும் எழுந்து வாலை ஆட்டியது. இன்னாசி காலை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினான். தூக்குச்சட்டியைக் கதவோரம் வைத்தான். பின்வாசலுக்குப் போனான், அங்கே இரண்டு குட்டிகள் ஒரு செருப்புக்காக இழுபறி நடத்திக்கொண்டிருந்தன. திரும்பி வந்து கட்டில்மேல் காலைத் தூக்கிவைத்து உட்கார்ந்தான்.

"அக்கா, அதை வெரட்டு."

"எத?"

"அதான். அந்த நொண்டிய."

புஷ்பம் கதவைத் திறந்து நாயைப் பார்த்தாள். அதற்குப் பின்னால் படகு கட்டும் மணல் வரை தெரு நீளமாகக் கிடந்தது. ஐஸ் குப்பைமேட்டில் ஒன்று, வலைக்கூடத்து நிழலில் நாலைந்து, மணலில் படகு ஒவ்வொன்றின் அடியிலும் ஒவ்வொன்று என்று வழியெல்லாம் நாய்கள் சுருண்டு படுத்திருந்தன. இத்தனை நாள் அவள் அவற்றை எண்ணிப் பார்த்ததே இல்லை. காசு பற்றாமல், யாரும் சீந்தாமல் கிடந்த அந்த நாய் ராமை அழாத குறையாக வாங்கி வந்தது ஞாபகம் வந்தது. அவள் முழங்காலிட்டு, அவன் தூக்கில் இருந்த சோற்றையும் மீனையும் அப்படியே வாசல்படியில் கொட்டினாள். நொண்டி நாய் வந்தது. அது தின்னும் சத்தம் கேட்டுக் குட்டிகள் வந்தன. வலைக்கூடத்திலிருந்து மற்றவை தலையைத் தூக்கின.

"வெரட்டுனியாக்கா?" என்று உள்ளேயிருந்து கேட்டான்.

"இல்லல," என்றாள். "உக்காந்து விளையாடு."

அதற்குப் பிறகு அந்த வீட்டு வழக்கம் இப்படி ஆயிற்று. கடல் நன்றாக இருக்கும் நாளில் புஷ்பம் ஒரு கம்பை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்து, நாய்களை ஒதுக்கி, தம்பியை மற்றவர்களோடு படகில் ஏற்றிவிட்டு வேலைக்குப் போவாள். அக்கா கையைப் பிடித்துக்கொண்டு வருகிற பெரிய மாப்பிள்ளையைப் பார்த்துக் கரையில் சிரிப்பார்கள், நாய்ப்பயம் என்று தெரிந்ததும், அதுக்கென்ன, எங்க வீட்டுல தவளை என்பார்கள். கூண்டு ஏறும் நாளில் கம்பைப் பரண்மேல் போட்டுவிடுவாள். பானைச் சோற்றையும் மீனையும் வாசலிலும் பின்வாசலிலும் வைத்து, தெருமுனை வரை போய் நாக்கைச் சொடுக்கி எல்லாவற்றையும் கூப்பிட்டு வருவாள். காற்று தகரத்தைத் தட்டும்போது அவளுக்குக் கை பதறுவது அப்படியே இருந்தது, அதை அவள் விற்கவில்லை. பதறும்போது கதவை ஒரு விரல் அளவு திறந்து பார்ப்பாள். வாசல் நிறைய நாய்கள் மழையில் நனைந்தபடி படுத்திருக்கும், உள்ளே மீன்பெட்டியின் காற்றாடி சுற்றிக்கொண்டிருக்கும், அவள் நாய்களை ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பிப்பாள்.